ரெண்டு தடவை டீச்சர் போட்ட தப்பு மார்க்

பெக்கான் நானாஸ் ஊரில் அன்னாசிப்பழத்துக்கு அடுத்தபடியாக எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டென்றால், அது புஷ்பவள்ளி டீச்சரிடம் மார்க் வாங்குவது லேசில்லை என்பதுதான். கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். கொடுக்கவேண்டியதைக் கொடுப்பார். அது சரிதானா என்று பார்ப்பதற்கு அவர் படுகிற பாடு இருக்கிறதே, அதுதான் ஊர்ச்சிரிப்பு. பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பேர் 'ரெண்டு தடவை டீச்சர்'. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளதைத்தானே சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டார்.

அங்கே இருக்கும் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுக்கு மலாய்மொழி எடுப்பவர் அவர். அவருடைய வகுப்பில் விடைத்தாளின் முன்பக்கம் பெயர் எழுதக்கூடாது. வெறும் எண்தான். பெயர் பின்பக்கத்தில், அடி மூலையில். முதல் கேள்வியை எல்லாத் தாள்களிலும் திருத்தி முடிப்பார். கட்டைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைப்பார். அதற்குப் பிறகுதான் ரெண்டாம் கேள்வி. எல்லாம் முடிந்ததும் முதலில் திருத்திய ஐந்து தாளை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார்.

"முதல் அஞ்சு பேரு பாவம் சார். அவங்களத் திருத்தறப்போ எனக்கு ஒரு வேகம் இருக்கும், எல்லாம் தப்பாத் தெரியும். கடைசி அஞ்சு பேருக்கு வர்றப்போ வீட்டுக்குப் போனாப் போதும்னு இருக்கும், எல்லாம் சரியாத் தெரியும்" என்பார், பக்கத்து மேசைக் கமலநாதனிடம். கமலநாதன் தமிழ்மொழி ஆசிரியர். இதையெல்லாம் கேட்டுக்கேட்டு அவருக்குக் காது புளித்துப்போயிருந்தது.

கோபமாக இருக்கும் நாளில் டீச்சர் தாளைத் தொடமாட்டார். சந்தோஷமாக இருக்கும் நாளில் அறவே தொடமாட்டார். வீட்டிலும் இதே கதைதான். கணவர் மணியம் அன்னாசி லோரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சமையல் அவருடைய பொறுப்பு. "கறி எப்படி புஷ்பா?" என்று ஆசையாகக் கேட்பார். பதில் வராது. இன்னொரு வாய் சாப்பிட்ட பிறகுதான் வரும்.

"அலமாக், இது கோழிக்கறிமா, கட்டுரை இல்ல" என்று தலையில் அடித்துக்கொள்வார் மணியம்.

"பசிச்ச வாய்க்கு முதல் கவளம் நல்லாத்தாங்க இருக்கும். அத வெச்சு மார்க் போட முடியுமா?"

இந்தக் குணம் வானத்திலிருந்து விழுந்தது இல்லை. செடெனாக் பக்கத்துத் தோட்டப்பள்ளியில் அவர் படித்த காலத்தில் அவர் அப்பா அதே பள்ளிக்கு ஜாகா, அதாவது காவற்காரர். ஒரு கணக்குப் பரீட்சையில் புஷ்பவள்ளிக்கு முப்பத்தாறு வந்தது. பாஸாக நாற்பது வேண்டும். வாத்தியார் வகுப்பின் நடுவே தாளை உயர்த்திப் பிடித்து, "பாவம், நம்ம ஜாகா மகள், பொழைச்சுப் போகட்டும்" என்று நாலைக் கூட்டிப் போட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் கேசரி கிண்டச் சொன்னார். கேசரித் தட்டை வைத்துக்கொண்டு தாளைப் புரட்டிய புஷ்பவள்ளி அதில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஏழாவது கணக்கை அவள் சரியாகத்தான் செய்திருந்தாள். வாத்தியார் தவறு போட்டிருந்தார். அந்தக் கணக்குக்கு நாலு மார்க்.

அவளுக்குச் சேரவேண்டிய நாலு மார்க்கை எடுத்து வைத்துக்கொண்டு, அதையே அவளுக்குப் பிச்சையாகப் போட்டிருக்கிறார் மனுஷன். வாத்தியாரிடம் போய்ச் சொல்ல அப்பா விடவில்லை. வேலைக்கு உலை வைத்துவிடும் என்று பயந்தார். அன்றைக்குக் கைதட்டியவர்கள் எல்லாம் இன்றைக்கும் அவளை இரக்கத்தில் பாஸானவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஐம்பத்தோரு வயதிலும் டீச்சருக்கு அந்தக் கைதட்டல் ஆறவில்லை. அதனால்தான் இந்த ரெண்டு தடவை. அதனால்தான் 'பாவம்' என்று சொல்லி அவர் யாருக்கும் ஒரு மார்க் போட்டதில்லை.

இப்படிப்பட்டவர் கையில்தான் போன வருஷம் லோஷினியின் ஒரு வருஷம் இருந்தது.

ஆறாம் ஆண்டுப் பெரிய பரீட்சையை ரத்து செய்துவிட்டார்கள் அல்லவா, அதற்குப் பிறகு வகுப்பாசிரியர் போடுகிற அடைவுநிலைதான் கணக்கு. ஒன்றிலிருந்து ஆறு வரை. மலாய்மொழியில் வாசிப்பு, எழுத்து, பேச்சு எதிலும் மூன்றுக்குக் கீழே போகக்கூடாது. போனால் இடைநிலைப்பள்ளியில் நேராக முதலாம் படிவத்தில், அதாவது ஃபார்ம் ஒன்னில், சேரமுடியாது. புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்காரவேண்டும். ஊரில் அதை ரிமூவ் கிளாஸ் என்பார்கள். கூடப் படித்தவர்கள் ஒரு படி மேலே போய்விட, ஒரு வருஷம் பின்தங்கிய பிள்ளை அதைப் பள்ளி முடியும்வரை சுமக்கவேண்டும்.

லோஷினி வாசிப்பில் மூன்று. எழுத்திலும் மூன்று. பேச்சில்தான் வினை. தமிழில் அவள் வாயாடி. வாய் மூடினால் காய்ச்சல் என்று அர்த்தம். அதே பெண் மலாய் பேச்சு மதிப்பீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் பேச்சு நொண்டும். நாலு படம் காட்டினார் டீச்சர்: ஒரு சந்தை, ஒரு துணிக்கடை, ஒரு கிராமம், ஒரு ரப்பர்த் தோட்டம். லோஷினி "இத்து... இத்து..." என்று, அதாவது 'அது... அது...' என்று ஆரம்பிப்பாள், எச்சிலை விழுங்குவாள், நிற்பாள். பிள்ளை நிற்கிற இடத்திலெல்லாம் தாளில் ஒரு புள்ளி வைப்பது டீச்சரின் வழக்கம். லோஷினியின் தாளில் பதினொரு புள்ளி.

டீச்சர் ரெண்டு போட்டார். தன்னை மட்டும் நம்புகிறவர் இல்லையே. எல்லாப் பிள்ளைகளின் பேச்சையும் போனில் பதிவு செய்து, எண்ணை மட்டும் எழுதி, கமலநாதனிடம் கொடுத்துத் தனியாக மதிப்பிடச் சொன்னார். அவரும் பதினாலாம் எண்ணுக்கு, அதாவது லோஷினிக்கு, ரெண்டு போட்டார். இருபத்திரண்டு பிள்ளைகளில் இருபது பேருக்கு இருவர் போட்டதும் அச்சாக ஒன்று. டீச்சருக்கு உள்ளூரப் பெருமைதான், மறைப்பானேன்.

விஷயத்தைச் சொல்ல லோஷினியின் அம்மா அங்கம்மாவைக் கூப்பிட்டார். ஸ்கூடாய் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர் அங்கம்மா; சீருடையோடு அப்படியே பஸ் இறங்கி வந்திருந்தார்.

"வீட்டுல வாய மூடவே மாட்டாளே டீச்சர்" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, "வேற யாராச்சும் போட்டிருந்தா சண்டைக்கு வந்திருப்பேன். நீங்க போட்டா அது சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்தார்.

வாசலில் நின்ற மகளின் தோளில் ஒரு தட்டு தட்டி, "மானத்த வாங்குறியே" என்று சொல்லிக்கொண்டே போனது டீச்சரின் காதில் விழுந்தது. லோஷினி தலையைக் குனிந்தபடி பின்னாலேயே போனாள். டீச்சருக்கு மனசு கனத்தது. கனத்தாலும் ரெண்டு ரெண்டுதானே?

மூன்றாம் நாள் ஸ்டேப்ளர் கடன் வாங்கக் கமலநாதன் மேசைக்குப் போனார். மனுஷன் வகுப்பில் இருந்தார். மேசைமேல் தமிழ்க் கட்டுரைகள் திருத்தித் திறந்தபடி கிடந்தன. தலைப்பு 'நான் கண்ட சந்தை'. மேலே இருந்தது லோஷினியுடையது. அடுத்தவர் திருத்திய தாளைப் படிப்பது டீச்சருக்குப் பிடிக்காத காரியம். ஆனாலும் கண் போய்விட்டது.

ரெண்டரைப் பக்கம். மீன்காரர் கத்துவதும், அம்மா விலை பேசுவதும், கீழே விழுந்த முட்டையும் அப்படியே கண்ணுக்கு முன்னால் நின்றன. நடுநடுவே சிவப்பு வட்டங்கள். சந்தையைப் 'பசார்' என்று எழுதிய இடத்தில் ஒன்று. கால்சட்டைக்குச் 'சிலுவார்' ஒன்று. கிராமத்துக்குக் 'கம்பம்' ஒன்று. ரப்பர் மரத்துக்குக் 'கித்தா மரம்' ஒன்று. ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் கமலநாதனின் மணிமணியான கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: கொச்சை.

டீச்சருக்குச் சிரிப்புதான் வந்தது முதலில். தமிழ்க் கட்டுரையில் இத்தனை மலாய்ச் சொல்லைக் கொட்டுகிற பெண் மலாயில் பேசச் சொன்னால் ஏன் விழிக்கிறாள்? சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தன் மேசைக்குப் போய்ப் புள்ளி வைத்த தாளை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சந்தைப் படம்: ஒரு புள்ளி. துணிக்கடையில் கால்சட்டை தொங்குகிற இடம்: ஒரு புள்ளி. கிராமம்: ரெண்டு புள்ளி. ரப்பர் மரம்: மூன்று புள்ளி. கமலநாதன் வட்டம் போட்ட இடமெல்லாம் இவர் புள்ளி வைத்த இடம்.

ஓய்வு நேரத்தில் லோஷினியைக் கூப்பிட்டார். சந்தைப் படத்தைக் காட்டினார்.

"இது என்ன?"

"சந்தை, டீச்சர்."

"மலாய்ல?"

லோஷினி எச்சிலை விழுங்கினாள்.

"இப்ப ஒண்ணு முழுங்கினியே, அது என்ன?"

"வேணாம் டீச்சர். அது கொச்ச."

"பரவால்ல, சொல்லு."

"பசார்" என்றாள், கெட்ட வார்த்தை சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தி. "அது கொச்சைத் தமிழ் டீச்சர். கமலநாதன் சார் எழுதியிருக்காரு. தமிழ் கலந்தா மார்க் போகும்னு நீங்க சொல்லியிருக்கீங்க."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். வகுப்புச் சுவரில் அவரே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய அட்டை: 'மலாயில் தமிழ் கலவாதே.'

"பாடப் புத்தகத்துல 'பசார்'னு படிச்சிருக்கியேம்மா. ரப்பருக்குக் 'கெத்தா'ன்னு எழுதியிருக்கியே."

"எழுதறப்போ தெரியும் டீச்சர். பேசறப்போ வாயில கித்தான்னுதான் வருது. அது எங்க வீட்டுச் சொல்லு. உடனே முழுங்கிருவேன்." கொஞ்சம் தைரியம் வந்து, "கடைக்குக் கெடாய்னு சொல்ல வந்தேன், அது நம்ம தமிழ்க் கட மாதிரியே இருந்துச்சா, அதையும் முழுங்கிட்டேன்" என்றாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. ஒரு வாத்தியார் அதைத் தமிழில் சொல்லாதே என்கிறார், கெட்ட தமிழ் என்று பேரும் வைக்கிறார். இன்னொருவர் தமிழை மலாயில் கொண்டுவராதே என்கிறார். இருவர் பேச்சையும் தட்டாத நல்ல பிள்ளை, தெரிந்த சொல்லையெல்லாம் விழுங்கிவிட்டு ரெண்டு வாங்கிக்கொண்டு போகிறது.  புஷ்பவள்ளி டீச்சர் பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கமலநாதனிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. "நாம ரெண்டு பேரும் தனித்தனியாத்தானே போட்டோம் டீச்சர்? அச்சா ஒத்துப்போச்சே."

"ஒத்துத்தான் போச்சு சார். ரெண்டு பேரும் ஒரே தப்பப் போட்டிருக்கோம். அவ தெரியாம நின்னாளா, தெரிஞ்சும் பயந்து நின்னாளான்னு நீங்களும் கேக்கல, நானும் கேக்கல."

கமலநாதன் நல்ல மனிதர். தன் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். "கொச்சன்னு எழுதறதுக்குப் பதிலா மலாய்ச் சொல்லுன்னு எழுதியிருக்கலாம்" என்றார். "நாலு எழுத்து மிச்சம் புடிக்கப் பாத்தேன்."

தலைமையாசிரியர் லெட்சுமணனுக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகவே படவில்லை. அடைவுநிலைகளைக் கணினியில் ஏற்ற இன்னும் பத்து நாள் இருந்தது. "ரெண்ட மூணாக்கிடுங்க டீச்சர். முடிஞ்சுது. யாரு கேக்கப்போறா?" என்றார், அன்பாகத்தான்.

"அது நான் பாவம் பாத்துப் போட்டதாயிடும் சார். அவளுக்கு மூணா நாலா, இல்ல நெஜமாவே ரெண்டான்னு எனக்கு இன்னும் தெரியாது. மறுபடியும் வைக்கணும்."

"சரி, அந்தப் பிள்ளைக்கு மட்டும்..."

"இருபத்திரண்டு பேருக்கும். அட்டையப் பாத்து வாய மூடினது அவ ஒருத்திதான்னு என்ன நிச்சயம்?"

லெட்சுமணன் கும்பிடாத குறையாகத் தலையாட்டினார். இவரிடம் வாதாடுவதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று என்று அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை டீச்சர் சுவரிலிருந்த அட்டையைப் பிள்ளைகள் பார்க்கக் கிழித்தார். "இன்னைக்கு ஒரு சட்டமும் இல்ல. வாயில எது வருதோ அதச் சொல்லுங்க. அது தமிழா மலாயான்னு பாக்கறது கேக்கறவங்க வேல, உங்க வேல இல்ல" என்றார். லோஷினிக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் மற்ற இருபத்தொரு பேருக்கு அது அநியாயம். படங்களும் புதுசு: பேருந்து நிலையம், ஆற்றங்கரை, கல்யாண வீடு, அன்னாசித் தோட்டம்.

பதிவுகளைத் தானும் மதிப்பிடவில்லை, கமலநாதனிடமும் கொடுக்கவில்லை. "நம்ம காது ரெண்டும் பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, கீழ் வகுப்புகளுக்கு மலாய் எடுக்கும் சிக்கு, அதாவது டீச்சர், ஹஸ்லினாவிடம் கொடுத்தார். பத்து பஹாட்டிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது அவருக்கு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் குரல் ஒன்றும் தெரியாது. வெறும் எண்கள்.

அந்த மூன்று நாளும் டீச்சருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. லோஷினிக்கு மறுபடியும் ரெண்டே வந்துவிட்டால்? வந்தால் போட்டுத்தான் ஆகவேண்டும். அங்கம்மாவிடம் ரெண்டாம் முறையும் அதையே சொல்லவேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்த மனைவியைப் பார்த்து மணியம், "அந்தப் புள்ள பாஸாகணும்னு சாமி கும்பிடலாம்ல?" என்றார்.

"அதுவும் ஒரு பக்கம் சாயறதுதாங்க" என்றார் டீச்சர். ஆனாலும் குளித்துவிட்டு வந்து சாமி மாடத்துக்கு முன்னால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். என்ன கும்பிட்டார் என்று மணியம் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஹஸ்லினா தாளை நீட்டினார். பதினாலாம் எண்ணுக்கு நான்கு.

"யார் இந்தப் பிள்ளை?" என்று மலாயில் கேட்டார் ஹஸ்லினா. "கல்யாண வீட்டுப் படத்தைப் பார்த்து அடுப்பங்கரை வரைக்கும் போய்விட்டு வந்துவிட்டாள். அன்னாசித் தோட்டத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்குத் தாவிக் கெத்தாவைக் கித்தா என்கிறாள், கம்போங்கைக் கம்பம் என்கிறாள். உச்சரிப்பு கொஞ்சம் வேறே. சொல் சொல்தானே? போதும் என்று நான்தான் பதிவை நிறுத்தினேன்."

டீச்சர் தானும் ஒரு தடவை கேட்டார். ஆமாம், இன்னொரு தடவையும் கேட்டார். நான்கு நான்குதான்.

இன்னும் இரண்டு பேர் ஒரு நிலை ஏறியிருந்தார்கள். ஒருவன் இறங்கியிருந்தான். வகுப்பில் முதலாவது வரும் கவின், ஐந்திலிருந்து நான்குக்கு. முந்திய படங்களுக்கு மனப்பாடம் செய்துவைத்திருந்த பேச்சைக் கல்யாண வீட்டுக்கும் ஒப்பித்திருந்தான். மாப்பிள்ளை வீட்டில் மீன் விலை பேசினான். டீச்சர் அதையும் அப்படியே போட்டார். கவினின் அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி ஒரு கட்டுரை நீளம் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார்.

வகுப்பில் எல்லார் முன்னாலும் லோஷினியை எழுப்பி, "போன தடவ உனக்குப் போட்ட மார்க் தப்பு. தப்பு உன்னோடது இல்ல, என்னோடது" என்றார். லோஷினிக்கு அதெல்லாம் முக்கியமாகப் படவில்லை.

"டீச்சர், அப்ப சிலுவார் நெஜமாவே மலாயா?"

"மலாய்தான்."

"அப்ப எங்கம்மா வீட்டுல மலாய்தான் பேசறாங்களா?" என்றாள் கண்ணை அகல விரித்து. வகுப்பே சிரித்தது. அன்றைக்கு முழுக்க அவள் வாய் ஓயவில்லை.

பதிவேட்டில் ஏற்கெனவே எழுதிய நிலையை மாற்ற ஒரு படிவம் உண்டு. அதில் காரணம் எழுதவேண்டும். லெட்சுமணன் பேனாவை நீட்டி, "மாணவி முன்னேற்றம்னு போட்டுடுங்க டீச்சர். வழக்கமா அதான் போடறது" என்றார்.

"பத்து நாள்ல என்ன முன்னேற்றம் சார்? அவளுக்கு முன்னயே தெரியும். எனக்குத்தான் தெரியல."

மலாயில் எழுதினார்: மதிப்பீடு செய்தவரின் தவறு. கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஃபார்ம் வேணும் சார். போன வருஷம், அதுக்கு முந்தின வருஷமெல்லாம் ரிமூவ் கிளாசுக்குப் போன பிள்ளைங்களுக்கு."

லெட்சுமணனின் குரல் இறங்கிவிட்டது.  "அதுக்கு ஃபார்ம் இல்ல டீச்சர்" என்றார்.

பெரிய பரீட்சை போனதிலிருந்து டீச்சர் கையால் ரிமூவ் கிளாசுக்குப் போனவர்கள் ஒன்பது பேர். பதிவுகள் எல்லாம் பழைய போனில் இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை மணியத்தின் கறி அடுப்பில் கொதிக்க, டீச்சர் கூடத்தில் உட்கார்ந்து ஒன்பது பேரையும் கேட்டார். ஏழு பேரைப் பற்றி ஒன்றும் சொல்லமுடியவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாமலும் இருந்திருக்கலாம். இருவர் தெரிந்த சொல்லை விழுங்கியிருந்ததில் சந்தேகமே இல்லை. ஒருத்தியின் குடும்பம் ஊரைவிட்டுப் போயாகிவிட்டது. மற்றவள் தேன்மொழி. மூன்று வருஷத்துக்கு முந்திய பதிவில், ரப்பர்த் தோட்டப் படத்துக்கு, "இத்து... கி—" என்று ஆரம்பித்து நின்றிருந்தாள். அந்தக் 'கி'யை அன்றைக்கு டீச்சர் கேட்கவே இல்லை. தாளில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருந்தார்.

மணியம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, லோரிச் சாவியை எடுத்தார். "வா, நான் கொண்டுபோய் விடறேன்" என்றார்.

தேன்மொழியின் அம்மா பேச்சியம்மாள் பெரிய சாலையோரம் அன்னாசிக் கடை போட்டிருக்கிறார். தேன்மொழி பழம் சீவிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது, மூன்றாம் படிவத்தில் இருக்கவேண்டியவள், ரெண்டாம் படிவத்தில் இருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். "உனக்கு நான் போட்ட மார்க் தப்பும்மா. நீ நேரா ஃபார்ம் ஒன்னுக்குப் போயிருக்கணும். இப்ப அத மாத்த முடியல. என்னை மன்னிச்சுரு."

தேன்மொழி என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தாள். "பரவால்ல டீச்சர். ஒரு வருஷந்தானே" என்றாள். பிறகு, பின்னால் பழக்கூடையை இறக்கிக்கொண்டிருந்த அம்மாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "எங்கம்மாகிட்ட சொல்றீங்களா டீச்சர்? அவங்க இன்னும் நான் மக்குன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு பேச்சியம்மாளிடம் போய்ச் சொன்னார். பேச்சியம்மாள் கூடையைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார்.

"மூணு வருஷமா இவ மக்கு மக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேனே டீச்சர்" என்றார். "இப்ப நான் யார் யார்கிட்டப் போயி மாத்திச் சொல்றது?"

 அப்போது ஒரு கார் வந்து நின்றது. யாரோ ஒரு மலாய் அம்மாள் இறங்கி, பழம் என்ன விலை என்று கேட்டார். பேச்சியம்மாள் விலையைச் சொல்லவில்லை. தேன்மொழியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தி, "அனாக் சாயா. பண்டாய்! பண்டாய் பெத்துல்!" என்றார். என் மகள், கெட்டிக்காரி, ரொம்பக் கெட்டிக்காரி. பழம் வாங்க வந்தவர் ஒன்றும் புரியாமல், சரி சரி என்று தலையாட்டினார்.